எலியின் பெருநாடி வளையம் தளர்ந்தால் சாத்தாவாரி ‘ஈஸ்ட்ரஜன் மருந்து’ ஆகிவிடுமா?

திருகோணமலையில் சித்த மருத்துவம் படிக்கும் தங்கச்சி ஒருவரின் கேள்வி இது. சாத்தாவாரிக் கிழங்கின், அதாவது தண்ணீர்விட்டானின், நீர்ச்சாற்றை எலியின் பெருநாடி வளையத்தில் அவருடைய குழு சோதித்துப் பார்த்திருக்கிறது. இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியை மோதிரம் போல வெட்டி, கரைசலில் கொக்கியில் மாட்டி, அது இறுகுவதையும் தளர்வதையும் இழுவிசையாக அளக்கும் சோதனை அது. ஆண் எலியினதைவிடப் பெண் எலியின் வளையம் கூடுதலாகத் தளர்ந்ததாம். ‘சாறு ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஓமோனைப் போல வேலை செய்கிறது’ என்று அறிக்கையில் எழுதலாமா என்று கேட்கிறார். மாதவிடாய் நின்றுபோன அம்மா இதே பொடியைப் பிறஷர் குளிசையோடு சேர்த்து எடுக்கிறாராம், அது சரியா என்பது இரண்டாவது கேள்வி.

முதலாவதுக்குப் பதில்: எழுத வேண்டாம் தங்கச்சி. ஆணுக்கும் பெண்ணுக்கும் கண்ட அந்த வித்தியாசம் சாற்றினால் வந்ததா என்பதே இன்னும் தெரியாது. ஏன் என்று ஒரு சின்னக் கணக்கில் பார்ப்போம்.

இரண்டு வளையத்தையும் இறுக்குவதற்கு, குழாயைச் சுருக்கும் மருந்தான பினைல்எப்ரினை 1 மைக்ரோமோலார் செறிவில் விட்டிருப்பீர்கள். பலரும் விடுவது அதைத்தான். ஆனால் பெண் எலியின் பெருநாடியில் அகவணிக் கலங்கள், அதாவது உட்சுவரை மூடும் மெல்லிய படை, சும்மா இருக்கும்போதே குழாயைத் தளர்த்தும் நைத்திரிக் ஒட்சைட்டைக் கொஞ்சம் கூடுதலாகச் சுரக்கும். அதனால் ஒரே அளவு பினைல்எப்ரினுக்கு ஆண் வளையம் நன்றாக இறுகும், பெண் வளையம் அவ்வளவுக்கு இறுகாது. ஆண் வளையம் 2 கிராம், பெண் வளையம் 1.2 கிராம் இறுகியதாக வைப்போம். சாறு இரண்டிலும் சரியாக 0.8 கிராம் இழுவிசையைக் குறைக்கிறது. சதவீதம் போட்டால் ஆணில் 40, பெண்ணில் 67. சாறு செய்த வேலை ஒன்றுதான், நீங்கள் எதனால் வகுத்தீர்கள் என்பதுதான் வேறு. அதோடு, குறைவாக இறுகிய வளையத்தைத் தளர்த்துவது எந்த மருந்துக்கும் சுலபம்.

இதைச் சரிப்படுத்த, ஒவ்வொரு வளையத்துக்கும் முதலில் பினைல்எப்ரினைப் படிப்படியாகக் கூட்டி அதன் உச்ச இறுக்கத்தைப் பாருங்கள். கழுவிய பிறகு, அந்த உச்சத்தில் 70 முதல் 80 சதவீதம் வரை இறுக்கும் செறிவை அந்த வளையத்துக்கென்று தெரிந்தெடுங்கள். பெண் வளையத்துக்குச் செறிவு கூடும், கூடட்டும். முடிவை எழுதும்போது சதவீதத்தோடு கிராமையும் பக்கத்தில் போடுங்கள். கிராம் இல்லாத அட்டவணையை நான் நம்புவதில்லை.

இனி அடிப்படை. பிழைகளில் பெரும்பாலானவை வளையத்தைக் கொக்கியில் மாட்ட முன்னமே நடந்து முடிந்துவிடுகின்றன.

வளையத்தை உயிரோடு வைத்திருக்கும் உப்புக் கரைசலான கிரெப்ஸ் கரைசல், ஒரு லீற்றருக்கு: சோடியம் குளோரைட்டு 6.90 கிராம், பொற்றாசியம் குளோரைட்டு 0.35, ஏழுநீரேற்று மக்னீசியம் சல்பேற்று 0.30, பொற்றாசியம் இருஐதரசன் பொசுபேற்று 0.16, சோடியம் இருகாபனேற்று 2.10, குளுக்கோசு 1.98, இருநீரேற்று கல்சியம் குளோரைட்டு 0.37. கல்சியத்தைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, 95 சதவீத ஒட்சிசனும் 5 சதவீத காபனீரொட்சைட்டும் கலந்த வாயுவை இருபது நிமிடமாவது குமிழவிட்டு, பி.எச். 7.4க்கு வந்த பிறகு கல்சியத்தைத் தனியே கரைத்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அவசரப்பட்டால் கரைசல் அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கும். அதை வடிகட்டிப் பாவிக்க நினைக்காதீர்கள். கல்சியம் அடியில் போய்விட்டது என்பதுதான் அதன் அர்த்தம். கலவை வாயு சிலிண்டர் முடிந்துபோய் வெறும் ஒட்சிசனை மாட்டினாலும் கெட்டுப்போகும்: காபனீரொட்சைட்டு இல்லாமல் பி.எச். ஏறும், வளையமும் வேறு விதமாக நடக்கும். கரைசலை அன்றன்றைக்குத்தான் செய்ய வேண்டும். குளுக்கோசு போட்ட கரைசல் நம் ஊர் வெக்கையில் மறுநாளைக்குத் தாங்காது.

வெப்பநிலை 37 பாகை செல்சியஸ். கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணற்றிலும் அள்ளிக் குளித்தவர்களுக்குத் தெரியும், ஒன்றின் சூடு மற்றதில் இராது. வளையங்களைத் தொங்கவிடும் திசுத் தொட்டிகளும் அப்படித்தான். சுடுநீர் சுற்றும் குழாயின் தொடக்கத்தில் இருக்கும் தொட்டிக்கும் கடைசித் தொட்டிக்கும் வித்தியாசம் வரும். இயந்திரத்தின் திரையில் தெரியும் எண்ணை நம்பாமல் ஒவ்வொரு தொட்டியிலும் வெப்பமானியை விட்டுப் பாருங்கள். ‘ஆண் வளையங்கள் எப்போதும் முதல் இரண்டு தொட்டியில்’ என்ற பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். நாளுக்கு நாள் மாற்றிப் போட வேண்டும்.

பெருநாடியை எடுத்ததும் குளிரூட்டிய கிரெப்ஸில் போட்டு, சுற்றியுள்ள கொழுப்பைக் கத்தரியால் துப்புரவாக நீக்குங்கள். அந்தக் கொழுப்பும் குழாயைத் தளர்த்தும் பொருட்களை விடும். ஒரு வளையத்தில் விட்டு இன்னொன்றில் நீக்கினால் அதுவே ஒரு பொய் முடிவைத் தரும். 3 மில்லிமீற்றர் நீள வளையங்களாக வெட்டுங்கள். இடுக்கி பிடித்த ஓரத் துண்டை எறிந்துவிடுங்கள். இரண்டு துருவேறா உருக்குக் கொக்கிகளைத் துளைக்குள் விடும்போது உட்சுவரில் உரசக் கூடாது. 1980இல் பர்ச்கொட்டும் சவாட்ஸ்கியும் கண்டுபிடித்ததே இந்த உரசலின் கதைதான். முயலின் பெருநாடியில் அகவணி உரசுப்பட்டுப் போனால் அசெற்றைல்கோலின் குழாயைத் தளர்த்தாது, அகவணி இருந்தால் தளர்த்தும் என்று காட்டினார்கள். அகவணி விடும் அந்தப் பொருள் நைத்திரிக் ஒட்சைட்டு என்று பிறகு தெரிந்தது. பர்ச்கொட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது.

2 கிராம் ஓய்வு இழுவிசையில் 60 முதல் 90 நிமிடம் விடுங்கள், 15 நிமிடத்துக்கு ஒருக்கால் கரைசலை மாற்றுங்கள். பிறகு 60 மில்லிமோலார் பொற்றாசியம் குளோரைட்டால் இரண்டு தரம் இறுக்கிப் பாருங்கள். இரண்டும் ஒரே உயரத்துக்கு வந்தால்தான் வளையம் தயார். அடுத்து பினைல்எப்ரினால் இறுக்கி, அசெற்றைல்கோலினை 1 நானோமோலாரிலிருந்து 10 மைக்ரோமோலார் வரை ஏற்றுங்கள். நல்ல வளையம் 80 சதவீதமளவில் தளரும். வேண்டுமென்றே அகவணியை உரசி எடுத்த வளையம் 10 சதவீதத்துக்குக் கீழே நிற்க வேண்டும். 40, 50 என்று இடையில் நிற்பது அரைகுறையாகக் காயப்பட்ட வளையம், அதை இரண்டு கூட்டத்திலும் சேர்க்காதீர்கள். இந்த வரம்பைப் பரிசோதனைக்கு முன்னமே கொப்பியில் எழுதி வைக்க வேண்டும். முடிவைப் பார்த்த பிறகு வரம்பு போடுவது கள்ளக் கணக்கு.

இனி சாறு. சாத்தாவாரியில் சபோனின்கள் நிறைய. சபோனின் என்றால் சவர்க்காரக் குணம். குமிழ் விடும் தொட்டியில் ஊற்றினால் நுரை பொங்கும், நுரை கம்பியில் ஏறி இழுவிசைக் கோட்டை ஆட்டும். வாயுவின் வேகத்தைக் குறைத்தால் அதற்கு ஓரளவு தீர்வு உண்டு. பெரிய சிக்கல் வேறு. சபோனின் கூடினால் கல மென்சவ்வையே குலைக்கும். அகவணியை நீக்குவதற்கென்றே ஆய்வுகூடங்களில் சபோனினைப் பாவிப்பதுண்டு. ஆகவே உங்கள் சாறு 1 மில்லிலீற்றருக்கு 1 மில்லிகிராமில் வளையத்தைத் தளர்த்தும்போது, அது மருந்தாகத் தளர்த்தியதா, தசையைக் கொன்றதா என்று கேட்க வேண்டியிருக்கிறது. பார்க்க ஒரே வழி: ஏற்றி முடிந்ததும் நான்கு ஐந்து தரம் கழுவி, அரை மணி நேரம் விட்டு, மறுபடி 60 மில்லிமோலார் பொற்றாசியம் கொடுங்கள். பழைய உயரத்துக்கு இறுகினால் தசை உயிரோடு இருக்கிறது. அசெற்றைல்கோலினையும் திருப்பிக் கொடுத்தால் அகவணியின் நிலையும் தெரிந்துவிடும். இந்தக் கடைசி அரை மணி நேரத்தைத்தான் பலர் நேரமில்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

பக்கத்துத் தொட்டியில் சாறு இல்லாமல் வெறும் கரைப்பானை மட்டும் அதே கனவளவில் ஏற்றும் வளையம் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். ஒன்றும் கொடுக்காவிட்டாலும் வளையம் நேரத்தோடு மெல்ல இறங்கும். ஒப்பீட்டுக்கு உடம்பின் முக்கிய ஈஸ்ட்ரஜனான ஈஸ்ட்ரடையோலை எதனோலில் கரைத்தால், எதனோலின் தொட்டியில் இறுதிச் செறிவு 0.1 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். சாற்றின் பி.எச்.ஐயும் பொற்றாசிய அளவையும் முன்கூட்டியே அளந்துவிடுங்கள், கிழங்குச் சாற்றில் உப்பு இருக்கும்.

எந்த வழியால் தளர்கிறது என்று பிரிக்க, எல்-நேம் என்ற தடுப்பு மருந்தில், 100 மைக்ரோமோலாரில், வளையத்தை 30 நிமிடம் ஊறவிட்டு நைத்திரிக் ஒட்சைட்டுப் பாதையை மறித்துவிடுங்கள். எல்-நேம் போட்டதும் வளையம் கூடுதலாக இறுகும், ஆகவே பினைல்எப்ரினைக் குறைத்து இறுக்கத்தைச் சமப்படுத்துங்கள். இறுக்கம் சமமில்லாததால் ஏமாறும், மேலே சொன்ன அதே பொறி இங்கேயும் இருக்கிறது. பொற்றாசியத்தால் இறுக்கிய வளையமும் அதேயளவு தளர்ந்தால், சாறு கல்சியக் கால்வாயை அடைக்கிறது என்று முதலில் சந்தேகியுங்கள். அது அம்லோடிபின் என்ற பிறஷர் குளிசையின் வழி, ஈஸ்ட்ரஜன் வழி என்று சொல்ல இடமில்லை.

செறிவைப் பற்றி இரண்டு கணக்கு. ஒருவர் 3 கிராம் பொடி எடுக்கிறார், அதில் ஐந்திலொரு பங்கு சாறாகக் கரைகிறது என்று வைப்போம். 600 மில்லிகிராம். ஒரு துளியும் வீணாகாமல் முழுவதும் 5 லீற்றர் குருதிக்குள் போனாலும் 1 மில்லிலீற்றருக்கு 0.12 மில்லிகிராம்தான். குடலும் ஈரலும் அப்படி முழுவதையும் விட்டுவைப்பதில்லை. ஆகவே 1 மில்லிகிராமில் மட்டும் தெரியும் விளைவு மனித உடம்பில் ஒருநாளும் நடக்காத விளைவு. சாற்றை 0.01இலிருந்து தொடங்கி 0.03, 0.1, 0.3 என்று ஏற்றுங்கள், கீழ்ப்படிகளில் என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம்.

இந்தச் செறிவுப் பொறியில் ஈஸ்ட்ரடையோலும் விழுந்தது. தொட்டியில் 10 மைக்ரோமோலார் விட்டால் எந்த வளையமும் நிமிடக் கணக்கில் தளரும். ஆண் ஓமோனான ரெஸ்ரொஸ்ரெரோனும் அந்த அளவில் தளர்த்தும். ஆனால் ஒரு பெண்ணின் குருதியில் 1 மில்லிலீற்றருக்கு 100 பிக்கோகிராம் இருந்தால், அது ஏறத்தாழ 367 பிக்கோமோலார். தொட்டியில் விட்டது அதைவிட 27,000 மடங்கு. உடம்பில் ஈஸ்ட்ரஜனின் வேலை இரண்டு வேகத்தில் நடக்கும். கல மென்சவ்வோடு ஒட்டி ஓமோனைப் பிடிக்கும் வாங்கிகள் வழியாக நைத்திரிக் ஒட்சைட்டை ஆக்கும் நொதியத்தை நிமிடங்களில் தூண்டுவது ஒன்று. கலத்தின் கருவுக்குள் போய் அந்த நொதியத்தையே கூடுதலாக உண்டாக்குவது மற்றது, அதற்கு மணித்தியாலங்களும் நாட்களும் வேண்டும். அரை மணி நேரத் தொட்டிச் சோதனையில் இரண்டாவது தெரியவே தெரியாது. ஈஸ்ட்ரஜனின் வேலையைத் தடுத்துப் பார்ப்பதற்குப் புல்வெஸ்ரன்ற் என்ற மருந்தைப் பாவிப்பார்கள். அது அல்பா, பீற்றா வாங்கிகளை அடைக்கும், ஆனால் மூன்றாவதான ஜீ-புரத ஈஸ்ட்ரஜன் வாங்கியைத் தூண்டிவிடும். புல்வெஸ்ரன்ற் போட்டும் தளர்வு மறையாமல் தொடர்ந்தால் ‘ஈஸ்ட்ரஜன் இல்லை’ என்று உடனே முடிவு கட்ட முடியாதது அதனால்தான்.

சாற்றுக்கு ஈஸ்ட்ரஜன் குணம் உண்டா என்று அறிய முழு விலங்கில் பார்க்க வேண்டும். அதற்கு ஓ.இ.சி.டி. என்ற பொருளாதார ஒத்துழைப்பு, அபிவிருத்தி அமைப்பின் 440ஆம் சோதனை வழிகாட்டி இருக்கிறது. சூலகம் நீக்கிய எலிக்கு, சத்திரசிகிச்சை முடிந்து குறைந்தது 14 நாட்களின் பின், மூன்று நாட்களாவது சாறு கொடுத்துக் கருப்பையை நிறுப்பது. ஈஸ்ட்ரஜன் இல்லாத கருப்பை நூல் போலச் சுருங்கியிருக்கும், ஈஸ்ட்ரஜன் குணமுள்ள எதுவும் அதை நீர்கோத்துப் பருக்க வைக்கும். ஒப்பீட்டுக்கு ஈஸ்ட்ரடையோல் கொடுத்த கூட்டம் ஒன்று வேண்டும். அதை நல்லெண்ணெயில் கரைத்து ஊசி போடுவது வழக்கம், அப்போது மற்றக் கூட்டங்களுக்கும் அதே நல்லெண்ணெய் போக வேண்டும்.

எலித்தீன் கவனம். வில்லைத் தீனில் சோயா இருந்தால் தாவர ஈஸ்ட்ரஜன் ஏற்கெனவே உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. சூலகத்தை நீக்கிவிட்டு வாயால் ஈஸ்ட்ரஜன் கொடுப்பது போலத்தான். சோயா இல்லாத தீன் கிடைக்காவிட்டால், எல்லாக் கூட்டத்துக்கும் ஒரே தொகுதித் தீனையாவது கொடுங்கள்.

கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்திலிருந்து எலி எடுத்தால், 250 கிலோமீற்றருக்கு மேல் குலுங்கி வந்த எலி அது. ஒரு வாரமாவது ஆறவிடுங்கள். விலங்கறை 22 பாகையில் நிற்க வேண்டும். கச்சான் என்ற வெக்கைக் காற்று வீசும் மாதங்களில் குளிரூட்டி நின்றுபோனால் அந்தக் கிழமைத் தரவைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். சூலகம் நீக்காத பெண் எலி என்றால் தினமும் காலையில் ஒரே நேரத்தில் யோனித் துடைப்பெடுத்து நுணுக்குக்காட்டியில் பாருங்கள். கருவுள்ள வட்டமான கலங்கள் தெரிந்தால் ஈஸ்ட்ரடையோல் உச்சம் தொடும் நாள். செதிள் செதிளாகக் கருவில்லாக் கலங்கள் என்றால் அதற்கடுத்த நாள். வெண்குழியங்கள் நிறைந்திருந்தால் ஓய்வுக் கட்டம். நான்கைந்து நாளில் ஒரு சுற்று முடியும். எந்தக் கட்டம் என்று எழுதாமல் ‘பெண் எலி’ என்று மட்டும் எழுதினால் வெவ்வேறு கட்டத்து எலிகளை ஒன்றாகக் கலந்ததாகும். ஒரு எலியில் நான்கு வளையம் எடுத்தாலும் எண்ணிக்கை ஒன்றுதான், எட்டு எலி என்றால்தான் எட்டு.

எலியில் எல்லாம் சரிவந்தாலும் மனிதரில் என்ன ஆகும் என்பதற்கு ஈஸ்ட்ரஜனையே பாருங்கள். வளையத்தைத் தளர்த்தியது, கொலஸ்ரோலைச் சீராக்கியது, கண்காணிப்பு ஆய்வுகளில் ஈஸ்ட்ரஜன் எடுத்த பெண்களுக்கு மாரடைப்புக் குறைவாகத் தெரிந்தது. 1998இல் வந்த ஹெர்ஸ் ஆய்வில், இதயநோய் ஏற்கெனவே இருந்த 2,763 பெண்களுக்கு ஈஸ்ட்ரஜனும் புரொஜெஸ்ரினும் சேர்த்தோ வெற்று மாத்திரையோ கொடுத்தார்கள். மொத்தத்தில் பயனில்லை, முதல் வருடத்தில் மாரடைப்புக் கூடியது. 2002இல் அமெரிக்க மகளிர் நல முன்முயற்சி ஆய்வில், 16,608 பெண்கள் இருந்த பிரிவைச் சராசரி 5.2 வருடத்தில் இடையிலே நிறுத்தினார்கள். வருடத்துக்கு 10,000 பெண்களில் மாரடைப்பு 7, பாரிசவாதம் 8, நுரையீரல் குருதிக்கட்டி 8, மார்பகப் புற்றுநோய் 8 கூடியது. இடுப்பெலும்பு முறிவு 5 குறைந்தது. அங்கிருந்த பெண்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்கு மேலாகி, குழாய்ச் சுவரில் படிவு ஏறியிருக்கக்கூடிய வயது. 2016இல் எலைட் ஆய்வு 643 பெண்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. மாதவிடாய் நின்று ஆறு வருடத்துக்குள் ஈஸ்ட்ரடையோல் தொடங்கியவர்களில் கழுத்துநாடிச் சுவர் தடிப்பது மெதுவாகியது, பத்து வருடத்தின் பின் தொடங்கியவர்களில் அந்தப் பயன் இல்லை. ஒரே ஓமோன், குழாயின் வயதுதான் வேறு. உங்கள் எலிகளெல்லாம் மூன்று மாதக் குமரிகள் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். விழுங்கும் ஈஸ்ட்ரஜன் முதலில் ஈரலுக்குப் போய்க் குருதி உறைகாரணிகளைக் கூட்டுகிறது, தோலில் ஒட்டும் வகை அந்தளவுக்குக் கூட்டுவதில்லை. பொடி விழுங்கும் வகை என்பதும் கணக்கில் வர வேண்டியதே.

மனிதரில் குழாயைக் குத்தாமல் பார்க்க ஒரு வழி இருக்கிறது. முன்கையில் பிறஷர் பட்டியைக் கட்டி, மேல் அழுத்தத்தைவிட 50 அலகு கூட்டி 5 நிமிடம் இறுக்கிவிட்டு, அவிழ்த்ததும் மேற்கை நாடி எவ்வளவு விரிகிறது என்று ஸ்கானில் மூன்று நிமிடம் வரை பார்ப்பது. 4 மில்லிமீற்றர் நாடி 6 சதவீதம் விரிந்தால் 0.24 மில்லிமீற்றர். ஸ்கான் பிடிப்பவரின் கை 0.1 மில்லிமீற்றர் பிசகினால் முடிவில் பாதிக்குக் கிட்டப் போய்விடும். எட்டு மணி நேரம் சாப்பாடு, தேத்தண்ணி, சிகரெட் கூடாது. நம் பக்கத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டு வருவார்கள், அதையும் தடுக்க வேண்டும். பாக்கிலுள்ள அரிகோலின் அசெற்றைல்கோலினின் வாங்கிகளிலேயே போய் ஒட்டும். மாதவிடாய் வரும் பெண்களை எல்லாருக்கும் ஒரே நாட்களில், முதல் ஏழு நாளுக்குள், கூப்பிடுங்கள். இதற்கு முன் நெறிமுறைக் குழுவின் அனுமதியும், முதல் ஆளைச் சேர்க்க முன்னமே இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிவும் வேண்டும்.

அம்மாவின் விஷயம். வளையச் சோதனையை வைத்து அவருக்கு ஆமென்றோ இல்லையென்றோ சொல்ல ஒருவராலும் முடியாது. பிறஷர் குளிசையை நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். மார்பகப் புற்றுநோய் வந்தவர் என்றாலோ, மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து இரத்தம் படுகிறது என்றாலோ, பொடியை இன்றே நிறுத்திவிட்டு டொக்டரிடம் காட்டுங்கள். அப்படி இல்லாவிட்டாலும் பொடியின் பெயரையும் அளவையும் கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். வீட்டில் பிறஷர் பார்க்கும் மெஷின் இருந்தால், ஏழு நாளைக்குக் காலையில் குளிசைக்கு முன்னும் இரவிலும் ஐந்து நிமிடம் சாய்ந்து இருந்த பிறகு இரண்டு தரம் எடுத்து எழுதுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மற்ற ஆறு நாளின் சராசரியைப் பாருங்கள். 135க்கு 85ஐத் தாண்டினாலோ, எழும்பும்போது தலை சுற்றி மேல் அழுத்தம் 100க்குக் கீழே வந்தாலோ, அடுத்த கிளினிக் திகதி வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.